வாசகர் கேள்வி – பதில்: பூதம் இரண்டாம் முறை வரும்போது

சென்ற இதழில் 'காட்ஸில்லா எக்ஸ் காங்: தி நியூ எம்பயர்' படத்தைப் பற்றி நான் எழுதியிருந்த பத்து வரிக் குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 2024 மார்ச் 29 அன்று தமிழிலும் வெளியான அந்தப் படத்தைச் சிலர் அப்போதே அரங்கில் பார்த்திருக்கிறார்கள். பலர் இந்த விடுமுறையில்தான் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். "அசட்டுத்தனங்கள் நிறைந்த படம், ஆனாலும் பாதியில் எழுந்துபோக மனம் வரவில்லை" என்று நான் எழுதியதில் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லைத்தான் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு விளக்கம் தரவேண்டியது என் கடமை. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, பழைய வட ஆற்காட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் வந்த இந்தக் கடிதங்களுக்கே இம்முறை இடம் முழுவதையும் தருகிறேன்.

கேள்வி: ஐயா, தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு என் மகனுடன் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் அவன் இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. எனக்கோ பாதிக்கு மேல் தலைவலி வந்துவிட்டது. ஒரே படம் இருவருக்கு இப்படி வேறுபடுவது ஏன்? ரசனைக் குறை என்னிடமா, அவனிடமா?
– ஒரு வாசகர், காட்பாடி

குறை உங்கள் இருவரிடமும் இல்லை. அந்த ஒரு படத்துக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. உங்கள் மகன் ஒன்றைப் பார்த்தான், நீங்கள் மற்றொன்றில் மாட்டிக்கொண்டீர்கள்.

முதல் படத்தில் வசனமே இல்லை. பூமிக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் உலகத்தில் பெருங்குரங்கான காங் தன் இனத்தைத் தேடித் தனியே அலைகிறான். அவனுக்குப் பல்வலி வருகிறது. வலி தாங்காமல் மேலே மனிதர்களிடம் வருகிறான், ஒரு விலங்கு மருத்துவர் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு உலோகப் பல் ஒன்றைப் பொருத்துகிறார். திரும்பிப் போனபின் சூகோ என்ற குட்டிக் குரங்கு அவனுக்கு அகப்படுகிறது. முதலில் அது அவனை ஏமாற்றுகிறது, பிறகு மெல்ல மெல்ல அவன் பின்னாலேயே நடக்கத் தொடங்குகிறது. தன் இனத்தை அடிமையாக்கிக் கல் சுமக்க வைத்திருக்கும் கொடிய தலைவன் ஒருவனிடம் காங் போய்ச் சேர்கிறான். இவை அனைத்தும் கண்ணாலும் உறுமலாலும் தோள் அசைவாலுமே சொல்லப்படுகின்றன. நீண்ட நேரம் ஒரு மனிதச் சொல்லும் காதில் விழுவதில்லை. கதை நமக்குப் புரிகிறது, அந்தக் கிழட்டு வாலிபனின் தனிமையும் புரிகிறது. வணிகப் படம் ஒன்றில் இவ்வளவு நேரம் பேச்சில்லாமல் கதை சொல்லத் துணிந்த இயக்குநர் ஆடம் விங்கார்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது படத்தில் மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் கண்ணால் பார்த்துவிட்டதையே மறுபடி சொல்கிறார்கள். பார்க்காததை அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். காது கேளாத சிறுமி ஜியாவும் அவளை வளர்க்கும் ஆராய்ச்சியாளரும் சைகை மொழியில் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களைத் தவிர, அந்தப் பகுதியில் எனக்கும் பிடிப்பு இல்லை. உங்களுக்குத் தலைவலி தந்தது இதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகள் இந்தப் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லை, அடுத்த மிருகம் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

அசட்டுத்தனங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பேருருவ மிருகமான காட்ஸில்லா ரோம் நகரத்துக் கொலோசியத்துக்குள் நாய்க்குட்டி போலச் சுருண்டு படுத்து உறங்குகிறது. இது அசடுதான், ஆனால் அழகான அசடு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கல் வட்டத்தை ஒரு மிருகம் தன் படுக்கையாக எடுத்துக்கொண்டது என்று கற்பனை செய்தவர் உண்மையில் ஒரு குழந்தையின் மனத்தோடு செய்திருக்கிறார். காங் அந்தக் குட்டிக் குரங்கையே கதாயுதம் போலச் சுழற்றி மற்றக் குரங்குகளை அடிப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் காங்கின் கை பனியில் உறைந்து காயப்பட்டதும், முன்பே செய்துவைத்திருந்ததாகச் சொல்லி ஓர் இயந்திரக் கையுறையைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்களே, அதை என்னால் ஏற்கமுடியவில்லை. நம் ஊர்க் கூத்தில் அருச்சுனன் பாசுபதம் பெறவேண்டுமானால், கூத்து ஆடுபவர் நெடிய தபசு மரத்தில் படிப்படியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறவேண்டும். கீழே ஊரே அண்ணாந்து நிற்கும். ஆயுதம் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு என்று நாம் சிறுவயதிலேயே கண்டு பழகியவர்கள். விலை கொடுக்காமல் கைக்கு வந்த அந்தக் கையுறை சண்டைக்கு உதவியதே தவிரக் கதைக்கு உதவவில்லை.

கேள்வி: தொடர்ச்சிப் படங்கள் எப்போதுமே இப்படித்தான் மலிந்துபோகுமா? முதல் காட்ஸில்லா படமும் சிறுவர்களுக்கான வேடிக்கையாகத்தான் இருந்ததா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

முதல் படத்தில் வேடிக்கையே இல்லை. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. சூரை மீன் பிடிக்க அந்தப் பக்கம் போயிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெண்ணிறச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த முதல் காட்ஸில்லா படம், 'கோஜிரா' என்ற ஜப்பானியப் பெயரில் திரைக்கு வந்தது. கடலில் திடீர் ஒளி ஒன்று தோன்றி ஒரு படகு அழிவதில்தான் அந்தப் படம் தொடங்குகிறது. அந்த ஒளி எதைக் குறிக்கிறது என்று அரங்கில் இருந்த யாருக்கும் விளக்கத் தேவை இருந்திருக்காது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போரிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர். படத்தில் நகரம் எரியும்போது தெருவோரம் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று சொல்கிறாள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மிருகத்தின் ரப்பர் தோலைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இதன் தொடர்ச்சி 1955 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. முதல் படம் வெளியாகி ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை. ஹோண்டாவுக்குப் பதிலாக மோட்டோயோஷி ஓடா இயக்கினார், அகிரா இஃபுகுபேயின் இசையும் அதில் இல்லை. ஒசாகா நகரத்தில் காட்ஸில்லாவும் அங்கிரஸ் என்ற முள் முதுகு மிருகமும் மோதிக்கொள்கின்றன, கோட்டை இடிகிறது. காட்ஸில்லா வரிசையில் மிருகமும் மிருகமும் சண்டையிடும் வழக்கம் இங்கேதான் தொடங்கியது. அதில் துயரம் குறைந்துவிட்டது என்பது உண்மை, ஆனால் பின்னால் வந்த முப்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு வழி திறந்ததும் இந்த அவசரப் படம்தான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். முதல் 'கிங் காங்' 1933 மார்ச் மாதம் நியூயார்க்கில் வெளியானது, அதன் தொடர்ச்சி 'சன் ஆஃப் காங்' அதே ஆண்டு டிசம்பரிலேயே வந்தது. தந்தையின் பெருமை பிள்ளைக்கு இல்லை. வெள்ளை மயிரோடு, சாதுவாக, சிரிப்பு மூட்டும் குட்டி அது. ஆனால் தீவு கடலுக்குள் மூழ்கும்போது, அந்தக் குட்டி தான் மூழ்கிக்கொண்டே மனிதனைத் தன் கையில் நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அவசரத்தில் எடுத்த படத்திலும் இப்படி ஒரு காட்சி வாய்த்துவிடுகிறது. தொடர்ச்சிப் படங்களை நான் ஒருபோதும் கை கழுவாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காங்கும் காட்ஸில்லாவும் முதன்முதலாக மோதியது 1962இல். அதையும் ஹோண்டாதான் இயக்கினார். தொலைக்காட்சி விளம்பரங்களுக்காக எதையும் செய்யத் துணியும் நிறுவனங்களை அதில் கிண்டல் செய்தார், சண்டைகளை மல்யுத்தம் போல அமைத்தார். அணுகுண்டுத் துயரத்தைச் சொன்ன அதே மனிதர்தான் எட்டு ஆண்டுகளுக்குப் பின் இந்த விளையாட்டையும் செய்தார் என்பதை மறக்கக்கூடாது. ஜப்பானில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். 1967இல் காட்ஸில்லாவுக்கு ஒரு மகன் வந்தான். 1969இல், பழைய படங்களின் சண்டைத் துண்டுகளையே ஒட்டிச் சேர்த்து, சிறுவர்களுக்கென்றே ஒரு படம் எடுத்தார்கள். நீங்கள் கேட்கும் 2024ஆம் ஆண்டுப் படம் 1954இன் வாரிசு அன்று, 1962இன் வாரிசு. தாத்தாவின் சாயலைப் பேரனிடம் தேடிக் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொள்பவர்கள் இந்த வமிசத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் பார்த்த பேருருவ மிருகப் படமே ஒரு தொடர்ச்சிப் படம்தான். ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஊர் எல்லையில் இருந்த டூரிங் கொட்டகையில், மணலில் குவித்த மேட்டின் மீது உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு முன்பாக ஒரு படம் உண்டு என்பதே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நம் சிற்றூர்களில் பலருடைய அனுபவம் இதுவே. எது வந்து சேர்ந்ததோ அதுவே நமக்கு முதல் படம்.

கேள்வி: அன்புள்ள ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். உண்மையில் அவ்வளவு பெரிய விலங்கு இருக்க முடியுமா? சில காட்சிகளில் அது பிரம்மாண்டமாகவும், சில காட்சிகளில் பொம்மை போலவும் தெரிகிறதே, ஏன்?
– ஒரு மாணவர், ஆற்காடு

தம்பி, முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: தரையில் இருக்க முடியாது. ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை ஆயிரம் மடங்காகும், ஆனால் அந்த எடையைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் ஆகும். அப்படியானால் எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் பத்து மடங்கு சுமை ஏறும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கியிருக்கிறார். நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளர முடிவதற்குக் காரணம் அதைக் கடல்நீர் தாங்குவதே.

உன்னுடைய இரண்டாவது கேள்வி இன்னும் நல்ல கேள்வி. 1954ஆம் ஆண்டுக் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர், அதாவது 164 அடி. திருவண்ணாமலை இராஜகோபுரம் 217 அடி, ஆகவே அந்த மிருகம் நம் கோபுரத்தைவிடக் குள்ளம். இப்போதைய அமெரிக்கப் படங்களில் அதன் உயரம் ஏறத்தாழ 120 மீட்டர், கோபுரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். ஆனாலும் பழைய படத்து மிருகம்தான் கனமாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் நேரம்.

50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுந்தால் தரையைத் தொட 3.2 வினாடி ஆகும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 0.64 வினாடிதான். அன்று காட்ஸில்லாவாக ஆடியவர் ரப்பர் உடைக்குள் நின்ற ஒரு மனிதர், ஹருவோ நகஜிமா. முதலில் செய்த உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அவரைச் சுற்றி 25இல் ஒரு பங்கு அளவில் கட்டடங்களைச் செய்து வைத்தார்கள். அந்தச் சிறு கட்டடம் இடிந்து விழும் வேகத்தில் அப்படியே காட்டினால் அது அட்டைப்பெட்டி என்று உடனே தெரிந்துவிடும். அதனால் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, படச்சுருளை வழக்கத்தைவிட வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்தார். திரையில் அது வழக்கமான வேகத்தில் ஓடும்போது எல்லாம் மெதுவாக விழும், மெதுவாக விழுவதை நம் கண் பெரியது என்று எடுத்துக்கொள்ளும். 25 மடங்கு சிறிய பொம்மைக்கு 5 மடங்கு வேகம் வேண்டும் என்பதை மேலே தந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால் நீயே கண்டுகொள்வாய். 1955ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில் ஒரு கேமரா தவறுதலாகக் குறைந்த வேகத்தில் ஓடிவிட்டது. அந்தக் காட்சியில் மிருகங்கள் பரபரவென்று சண்டையிடுகின்றன. சுபுராயா அது சண்டைக்கு விறுவிறுப்புத் தருகிறது என்று அப்படியே வைத்துக்கொண்டார். விறுவிறுப்புக் கூடியது, கனம் போய்விட்டது.

புதிய படத்திலும் அதுவே நடக்கிறது. காட்ஸில்லா ஓடுகிறது, தாவுகிறது, எடையே இல்லாத வெளியில் மிதந்துகொண்டு சண்டையிடுகிறது. மேலும், கேமரா அவற்றின் தோளுக்கு அருகிலேயே பறந்துகொண்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் காட்ஸில்லா படத்தில் பெரும்பாலும் ஒரு மனிதன் நிற்கும் உயரத்திலிருந்து பார்த்தோம். இப்போது பக்கத்தில் ஒரு பனைமரமோ ஒரு வீடோ இல்லாத பாதாள உலகத்தில், அளந்து பார்க்க எதுவும் இல்லாமல் பார்க்கிறோம். வேலூர்க் கோட்டை அகழிக்கு வெளியே நின்று ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அதன் அடியில் நின்று அண்ணாந்து பார். நான் சொல்வது விளங்கும்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. படம் பார்க்கவேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். காட்டலாமா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

வீட்டில், பகலில், ஒலியைக் குறைத்து, உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஓர் அரங்கில் இத்தகைய படத்துக்கு ஒலியை மிக உயர்த்தி வைத்திருந்ததால், என் பேத்தி உருவத்துக்குப் பயப்படாமல் சத்தத்துக்குப் பயந்து இடைவேளையிலேயே வெளியேறினாள். மிருகங்கள் ஒன்றையொன்று கிழித்தெறியும் காட்சிகள் சில உண்டு, அப்போது பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிடலாம். குட்டிக் குரங்கு வரும் பகுதி அவளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

கேள்வி: அதே சமயத்தில் வந்த ஜப்பானியப் படம் ஆஸ்கர் வாங்கியதே. அதைப் பார்த்தவர்கள் இந்தக் குரங்குக் கூத்தை எப்படிப் பாராட்ட முடியும்?
– ஒரு வாசகர், ஆம்பூர்

'காட்ஸில்லா மைனஸ் ஒன்' முதல் படம் வெளியான அதே நவம்பர் 3ஆம் தேதியில், 69 ஆண்டுகள் கழித்து, 2023இல் ஜப்பானில் வெளியானது. 2024 மார்ச்சில் காட்சித் தந்திரங்களுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. காட்ஸில்லா வரிசையில் ஆஸ்கர் பெற்ற முதல் படம் அதுவே. இயக்குநர் தகாஷி யமசாகியின் கீழ் 35 கலைஞர்கள் 610 தந்திரக் காட்சிகளைச் செய்தார்கள் என்பது ஹாலிவுட்டையே திகைக்க வைத்தது. போரில் சாகத் துணியாமல் உயிரோடு திரும்பிய ஒரு விமானியின் குற்ற உணர்ச்சியைச் சொல்லும் படம் அது. அங்கே மனிதர்களின் கதை நம்மைப் பிடித்துக்கொள்கிறது, மிருகம் வராத காட்சிகளிலும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். எந்த அளவுகோலை வைத்தாலும் அதுவே சிறந்த படம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் அதை ஒருமுறை பார்த்தபின் இரண்டு நாள் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த இரவில், பிள்ளைகள் மடியில் கிடக்க, அதை மறுபடி போட மனம் துணியாது. அந்த இரவுக்கு மற்றது உதவுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 57 கோடி டாலர் வசூலித்த படத்தை விரும்பியவர்கள் எல்லாரும் ரசனை இல்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கப் படத்தின் மீது எனக்குள்ள உண்மையான வருத்தம் வேறு. எகிப்தில் பிரமிடுகளின் மேலும், பிரேசிலின் ரியோ நகரத்திலும் அவ்வளவு பெரிய சண்டை நடக்கிறது, கட்டடங்கள் சரிகின்றன. அங்கே குடியிருந்தவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பாலாற்றில் வெள்ளம் வந்த ஆண்டில் கரையோரத்து வீடுகள் இடிந்ததை நேரில் பார்த்தவர்கள் நாம். ஒரு சுவர் விழுந்தால் அதற்குப் பின்னால் ஒரு அடுப்பு இருந்தது என்று நமக்குத் தெரியும். 1954இல் தெருவோரத்தில் அந்தத் தாய் இருந்தாளே, அப்படி ஒருத்தியை ஒரே ஒரு நிமிடம் காட்டியிருந்தால் விளையாட்டுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது.

கேள்வி: அடுத்த பாகம் வருமா?
– ஒரு வாசகர், வாணியம்பாடி

'காட்ஸில்லா எக்ஸ் காங்: சூப்பர்நோவா' என்ற பெயரில் 2027ஆம் ஆண்டுக்கு அறிவித்திருக்கிறார்கள். இயக்குநர் மாறியிருக்கிறார். சூகோவை மறந்துவிடாமல் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுதல்.

கேள்வி: ஐயா, நான் போளூர் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாகக் கூத்து ஆடுகிறவன். அக்னி வசந்த விழாவின் கடைசி நாளில் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைக்கிறோம். அது மண் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பீமன் தொடையில் அடிக்கும்போது பெண்கள் அழுகிறார்கள். என் பேரன் காட்டிய குரங்குப் படத்தில் உருவம் உயிருள்ளது போலவே இருந்தது, மயிர்கூட அசைந்தது. ஆனால் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இது எப்படி?
– ஒரு கூத்துக் கலைஞர், போளூர் அருகே

ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தங்களுடையதுதான். தங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிட முடியாது. தாங்கள் கேட்டதனால் என் மனத்தில் பட்டதை எழுதுகிறேன்.

படுகளத்தில் எதையும் மறைப்பதில்லை. காலையில் மண்ணைக் குழைப்பதையும், கை கால்களை அணைத்து எழுப்புவதையும், மார்புக்கு வண்ணம் பூசுவதையும் ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அந்த உருவத்துக்கு உயிர் மண்ணிலிருந்து வருவதில்லை, அதற்கு முன்னால் கழிந்த இரவுகளிலிருந்து வருகிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று துகிலுரிதலையும் தபசையும் அபிமன்யுவின் சாவையும் பார்த்துவிட்டு வந்தவர்கள்தாம் அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்குத் துரியோதனன் மீது கோபமும் உண்டு, அவன் விழும்போது இரக்கமும் உண்டு. அந்த இரண்டும் சேர்ந்துதான் கண்ணீராகிறது. தொடர்ச்சிப் படங்களை எடுப்பவர்கள் கடைசி நாளை மட்டும் எடுத்துக்கொண்டு முந்தைய இரவுகளை விட்டுவிடுகிறார்கள். உருவம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், விழுகிறவனைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாதபோது அது வெறும் விழுகைதான். இந்தப் படத்துக் கொடிய குரங்குத் தலைவனிடம் ஒரு சாட்டையும் ஒரு சிரிப்பும் இருக்கின்றன, வரலாறு இல்லை. அவன் உறைந்து உடைந்து சிதறும்போது யாரும் அழாததற்கு அதுவே காரணம்.

கட்டியங்காரனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவனும் சிரிக்க வைக்கிறான், ராஜாவையே கேலி செய்கிறான். ஆனால் ராஜா சபைக்கு வந்ததும் அவன் ஒதுங்கி நிற்கவேண்டிய நொடி அவனுக்குத் தெரியும். இந்தப் படத்தின் வேடிக்கை மனிதர்கள் அந்த நொடியை அறியவில்லை. துயரம் வரவேண்டிய இடத்திலும் அவர்கள் ஒரு நகைச்சுவை சொல்லிவிடுகிறார்கள். சிரித்துப் பழகிய அவை அதற்குப் பிறகு எப்படி அழும்?

ஆனால் சிரிப்பை மட்டமாக நினைக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமன், வண்டியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தானே அள்ளி அள்ளித் தின்றுகொண்டு தெருத்தெருவாக வரும்போது நம் பிள்ளைகள் குதித்துச் சிரிக்கிறார்கள். அதே பீமன்தான் படுகளத்திலும் நிற்கிறான். பெரிய உடம்பு பசிப்பதையும், பெரிய பல் வலிப்பதையும் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பில் ஏளனம் கிடையாது, நம்மைப்போல அதற்கும் வலிக்கிறதே என்ற நெருக்கம் இருக்கிறது. காங் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கள் பேரன் சிரித்திருந்தால், அது பீமன் வண்டிக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகளின் சிரிப்புதான்.

தாங்கள் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் எவ்வளவு கனம் என்பது தங்கள் தோளுக்குத் தெரியும். மேலே ஆற்காட்டு மாணவருக்கு எழுதிய பதிலில் நகஜிமா என்ற ஜப்பானியக் கலைஞரைக் குறிப்பிட்டிருக்கிறேன். அவர் காட்ஸில்லாவாக ஆடுவதற்கு முன் டோக்கியோவில் உள்ள உயேனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய், யானையும் கரடியும் காலை எப்படி எடுத்து வைக்கின்றன என்று நாள்கணக்கில் கவனித்தார். 1954 முதல் 1972 வரை 12 படங்களில் அந்த உடைக்குள் நின்றார். அந்த மிருகத்தின் முழக்கத்தை எப்படி உண்டாக்கினார்கள் தெரியுமா? இசையமைப்பாளர் இஃபுகுபே, பெரிய டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து அந்த ஒலியைப் பெற்றார். முகவீணையின் ஒற்றை இழுப்பில் திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நிற்பதை ஊருக்கு உணர்த்துகிற தங்கள் பக்கவாத்தியக்காரர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

தங்கள் ஊரில் இந்த ஆண்டு படுகளம் எந்த நாளில் என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள். மண் குழைக்கும் நேரத்துக்கே வந்துவிட விரும்புகிறேன். தங்கள் பேரனையும் அங்கே சந்திக்க ஆசை. அவன் எந்த இடத்தில் சிரித்தான், எந்த இடத்தில் பேசாமல் இருந்தான் என்று அவனிடமே கேட்கவேண்டும்.